தொடர்நிலைச் செய்திகளால் படவீழ்த்தியை இயக்குதல்

படவீழ்த்தியைத் தொடர்நிலைத் தொடர்பு மூலம் இயக்குதல் என்பது, கருவியின் பின்புறமுள்ள ஒன்பது ஊசி இணைப்பானுக்குக் கணினியிலிருந்து சிறு எழுத்துச் செய்திகளை அனுப்பி அதனைக் கட்டுப்படுத்தும் முறையாகும். புரொஜெக்டர் என்றே பலரும் அழைக்கும் இக்கருவிகளில் இதற்குப் பயன்படுவது, 1960-இல் அமெரிக்காவில் வெளியான ஆர்எஸ்-232 தரநிலை.

இதில் ஓர் எழுத்தின் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் செல்கின்றன. கம்பியில் −3 முதல் −15 வோல்ட் வரை இருந்தால் 1. +3 முதல் +15 வரை இருந்தால் 0. தொடக்க பிட் ஒன்று, தரவு பிட்டுகள் எட்டு, நிறுத்த பிட் ஒன்று என ஓர் எழுத்துக்குப் பத்து பிட்டுகள். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் 960 எழுத்துகள் செல்லும்.

எப்சன் கருவிகளை எடுத்துக்கொள்வோம். கருவியை இயக்க, பி, டபிள்யூ, ஆர் ஆகிய மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு ஓ, என், இறுதியில் வரிமுடிவுக் குறி (எண் 13) அனுப்ப வேண்டும். மொத்தம் ஏழு எழுத்துகள்; ஏறத்தாழ 7 மில்லிவினாடி. ஏற்றுக்கொண்ட கட்டளைக்கு முக்காற்புள்ளி (:) பதிலாக வரும். வரிமுடிவுக் குறியை மறந்தால் கருவி ஒன்றும் செய்யாது. புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

கையடக்க ரிமோட் கட்டளையிடும், பதில் கேட்காது. இம்முறையில் கருவியின் நிலையையும் கேட்கலாம். மூன்று எழுத்துகளுடன் கேள்விக்குறி அனுப்பினால், 01 என்றால் விளக்கு எரிகிறது, 02 என்றால் சூடேறுகிறது, 03 என்றால் குளிர்கிறது என்று விடை வரும். திருவண்ணாமலை போன்ற ஊர்களின் பள்ளிகளில், மணி அடித்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் உண்டு. பழைய விளக்கு வகைக் கருவிகளில் விசிறி ஓடிக் குளிர்விக்கும் முன் மின்சாரம் நின்றால் விளக்கின் ஆயுள் குறையும். மாற்று விளக்கு மலிவானதன்று. 03 மாறும்வரை காத்திருந்து மின்சாரத்தை நிறுத்தும் சிறு நிரல் இதற்குப் போதும்.

இன்றைய மடிக்கணினிகளில் இந்த இணைப்பான் இல்லை. யூஎஸ்பி மாற்றி தேவை. பதிலே வராவிட்டால் முதலில் கம்பியைப் பார்க்க வேண்டும். இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும் குறுக்காக மாற வேண்டிய கருவிக்கு நேர்க்கம்பி போட்டால் இரு பக்கமும் பேசும், எவரும் கேட்கமாட்டார். கம்பி 15 மீட்டருக்குள் இருப்பது நல்லது.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கட்டளைகள் வேறு. இதனால் ஜப்பானிய நிறுவனங்கள் பிஜேலிங்க் என்னும் பொது நெறிமுறையை உருவாக்கின. அது வலையமைப்பில் 4352-ஆம் துறை வழியாக இயங்குகிறது.