கடைசி வெடிச்சத்தம் எப்போது கேட்டது?

இந்திய வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியின் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். ஒரு குண்டுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். மூச்சைப் பிடித்து, நெஞ்சுத் துடிப்பு அடங்கும்வரை பொறுத்து, விருப்பம்போல விசையை அழுத்தலாம். ஒலிம்பிக் பதக்கங்களைப் பார்த்துப் பழகிய நமக்குத் துப்பாக்கி சுடுதல் என்றால் இந்த அசையாத நிலைதான் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவில் வார இறுதி தோறும் கிளப் மைதானங்களில் நடக்கும் ‘பிராக்டிகல் ஷூட்டிங்’ இதற்கு நேர் எதிர். இடுப்பு உறையிலிருந்து கைத்துப்பாக்கியை உருவ வேண்டும். தடுப்புச் சுவர்களுக்கு இடையே ஓடி, ஜன்னல் வழியாகவும் மூலை திரும்பியும் அட்டை இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். நடுவில் தோட்டாக்கள் தீர்ந்தால் மேகசினை மாற்ற வேண்டும். பெரிய சுற்று ஒன்றில் 32 குண்டுகள் வரை தேவைப்படும். தேர்ந்தவர்கள் அதை 20 வினாடிகளை ஒட்டி முடித்துவிடுவார்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குச் சொல்வது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவி. அதன் பெயர் ஷாட் டைமர்.

இந்த விளையாட்டுக்கு உலக அமைப்பு உருவானது 1976 மே மாதத்தில், மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில். ஐபிஎஸ்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பின் முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், வலிமை, வேகம் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்களே அதன் முழக்கம். அமெரிக்கக் கிளையான யுஎஸ்பிஎஸ்ஏ 1984இல் பதிவானது. அந்த முழக்கத்தின் மூன்றில் எதையும் விட்டுக்கொடுக்காதபடி மதிப்பெண் முறையை அமைத்தார்கள்: இலக்கில் பட்ட புள்ளிகளை, எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுக்க வேண்டும். வரும் விடைதான் ‘ஹிட் ஃபாக்டர்’. யாருடைய விடை பெரிதோ அவருக்கே சுற்று.

இந்த வகுத்தல் கணக்கில்தான் டைமரின் அருமை தெரியும். எட்டுக் குண்டுகள் மட்டும் உள்ள ஒரு குட்டிச் சுற்றை எடுத்துக்கொள்வோம். எட்டும் நடுப் பகுதியில் பட்டால் 40 புள்ளிகள். 4.00 வினாடியில் முடித்தவரின் ஹிட் ஃபாக்டர் 10. அதே ஆளுக்குக் கருவி தவறுதலாக 4.20 என்று காட்டிவிட்டால் 9.52. கண் இமைக்கும் பொழுதே ஆன ஒரு பிழை, கிட்டத்தட்ட ஐந்து சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. முதலிடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையே அவ்வளவு வித்தியாசம்கூட இல்லாத போட்டிகள் நிறைய உண்டு.

ஸ்டாப் வாட்சும் விசிலும் வைத்துக்கொண்டு இதை அளக்க முடியாதா என்றால், ஆரம்பக் காலத்தில் அப்படித்தான் அளந்தார்கள். ஒரு சத்தத்தைக் கேட்டு மனிதர் விரலை அசைக்கவே 0.2 வினாடி அளவுக்கு ஆகிவிடும். அந்த அளவு ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். 1980களில் மைக் வைத்த மின்னணுக் கருவிகள் பரவிய பிறகு இதனால் எழுந்த தகராறு ஓய்ந்தது.

ஓய்ந்தது என்றால் முழுதாக அல்ல. கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். சுற்றை நடத்தும் ரேஞ்ச் ஆபீசர் “தயாரா?” என்று கேட்பார், பிறகு “ஸ்டாண்ட்பை” என்பார். அதிலிருந்து ஒன்று முதல் நான்கு வினாடிக்குள் பீப் ஒலிக்க வேண்டும் என்பது விதி. எப்போது ஒலிக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடியாதபடி டைமரே தாமதத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும். பீப் ஒலித்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். பிறகு மைக்கில் விழும் ஒவ்வொரு பலத்த சத்தத்தின் நேரத்தையும் நூறில் ஒரு பங்கு வினாடிவரை அது குறித்துக்கொள்ளும். முடிந்தது என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. கடைசியாகக் கேட்ட சத்தம் எதுவோ, அதன் நேரமே போட்டியாளரின் நேரம்.

ஆக, டைமர் வாங்குபவர் உண்மையில் வாங்குவது ஒரு காதை. கடிகாரம் எல்லா மாடலிலும் சரியாகவே ஓடும். நூறில் ஒரு பங்கு வினாடியை அளப்பது இன்றைய மின்னணுவியலுக்குப் பெரிய காரியமில்லை. எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்காமல் விட வேண்டும் என்பதில்தான் கருவிக்குக் கருவி தரம் மாறுகிறது. விளம்பரங்களோ இதைக் கடைசி வரியில் சொல்லிவிட்டு, வண்ணத் திரையைப் பற்றி முதல் வரியில் பேசுகின்றன.

தொல்லை தரும் சத்தங்கள் மூன்று வகை. முதலாவது, பக்கத்துத் தளம். மண்மேடு ஒன்றைத் தாண்டி இன்னொரு குழு சுட்டுக்கொண்டிருக்கும். நம் ஆள் முடித்த அரை வினாடியில் அங்கே ஒரு வெடி கேட்டால், டைமர் அதையும் அவர் கணக்கில் எழுதிவிடும்.

இரண்டாவது, எதிரொலி. உள்ளரங்கில் பத்து மீட்டர் தள்ளி ஒரு கான்கிரீட் சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் பயணிக்கும். போய்த் திரும்ப 20 மீட்டர், அதாவது 0.06 வினாடிக்குச் சற்றுக் குறைவு. அந்த எதிரொலி பலமாக இருந்தால் ஒரு குண்டு இரண்டாகப் பதிவாகும்.

மூன்றாவது, இரும்புத் தகடு. 1981இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஸ்டீல் சாலஞ்ச் போட்டியில் முழுக்க முழுக்க இரும்புதான். நேரம் மட்டுமே மதிப்பெண். பத்து மீட்டர் தொலைவிலுள்ள தகட்டை எட்டக் குண்டுக்கு 0.03 வினாடி, தகட்டின் ‘டங்’ திரும்பி வர இன்னொரு 0.03. காது கூர்மையான டைமர் அந்த ‘டங்’கையே கடைசி வெடியாக எடுத்துக்கொண்டால், பந்தயம் முடிந்த பிறகும் ஒருவரின் கடிகாரம் ஓடியதாகிவிடும்.

இதற்கெல்லாம் கருவியில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று உணர்திறன்: எவ்வளவு பலமான சத்தத்தை வெடி என்று ஏற்பது. இன்னொன்று எதிரொலித் தடுப்பு: ஒரு வெடியைப் பதிந்த பிறகு எவ்வளவு நேரம் காதை மூடிக்கொள்வது. இரண்டாவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூடும் நேரம் எதிரொலியைவிட நீளமாகவும், சுடுபவரின் வேகத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். நல்ல போட்டியாளர் ஒருவர் அருகிலுள்ள இலக்கில் இரண்டு குண்டுகளை 0.15 முதல் 0.20 வினாடி இடைவெளியில் போடுவார். தடுப்பு 0.08 என்றால் மேலே சொன்ன சுவரின் எதிரொலி விழாது, குண்டும் தப்பாது. அதையே 0.20க்கு ஏற்றிவிட்டால் வேகமானவரின் இரண்டாம் குண்டையே டைமர் விழுங்கிவிடும். எனவே இந்த இரண்டையும் தனித்தனியே, படிப்படியாக மாற்ற முடிகிறதா என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ‘தானாகவே சரிசெய்துகொள்ளும்’ என்ற வாக்குறுதி மட்டும் போதாது.

சத்தம் மிகக் குறைவாக இருப்பதும் பிரச்சினைதான். பாயின்ட் 22 ரகத் துப்பாக்கிகள், சத்தம் குறைக்கும் சப்ரஸர் மாட்டியவை, பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் ஆகியவற்றைச் சில டைமர்கள் கண்டுகொள்வதே இல்லை. ஏர்சாஃப்ட்டில் பயிற்சி எடுப்பவர் வாங்குமுன் இதைச் சோதித்தே தீர வேண்டும்.

டைமரின் காது ஒரு பக்கம் என்றால், சுடுபவரின் காது இன்னொரு பக்கம். மைதானத்தில் எல்லோரும் காதுக்கவசம் அணிந்திருப்பார்கள்; பலர் நுரை அடைப்பானையும் கவசத்தையும் சேர்த்தே அணிவார்கள். அந்த இரட்டைத் திரையைத் தாண்டி பீப் கேட்க வேண்டும். இதில் ஒரு முரண் உண்டு. பல ஆண்டுகள் துப்பாக்கி சுட்டவர்களுக்கு முதலில் மங்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் ஒலிகளைக் கேட்கும் திறன். சிறு மின்னணு பஸ்ஸர்களோ பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள்தான் நன்றாகக் கத்தும். அனுபவசாலிக்குக் கேட்காத பீப் பக்கத்தில் நிற்கும் புதியவருக்குக் கேட்பது இதனால்தான். பீப்பின் பலத்தையும் சுருதியையும் மாற்ற வசதியுள்ள கருவி, வயதானவர்கள் அதிகமுள்ள கிளப்புக்கு நல்ல முதலீடு.

திரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உச்சி வெயிலில் படிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். பழைய கால்குலேட்டர் போன்ற கறுப்பு வெள்ளை எல்சிடி திரை வெயிலில் தெளிவாகத் தெரியும். கடையின் நிழலில் ஜொலிக்கும் திரைகள் பல வெயிலில் மங்கிப்போகும்.

சந்தையில் பெயர் பெற்றவை சில. அமெரிக்காவின் காம்பெட்டிஷன் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ‘பாக்கெட் புரோ’ வரிசை, பாக்ட் நிறுவனத்தின் ‘கிளப் டைமர்’ இரண்டும் பழைய ரகம்: பெரிய பட்டன், உரத்த பீப், எளிய வேலை. பாக்கெட் புரோவுக்கு 9 வோல்ட் பேட்டரி போதும். போட்டி நடுவே தீர்ந்தால் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். சிஇடி 7000 சின்னது, கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி. டபுள் ஆல்ஃபாவின் ‘ஷாட்மேக்ஸ்’ கைக்கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டுவது. அதன் இரண்டாம் பதிப்பு ஒலியோடு கை அதிர்வையும் உணர்வதால், கூட்டமான ரேஞ்சில் தனியே பயிற்சி செய்பவருக்குப் பக்கத்து ஆளின் வெடி கலக்காது. ஏஎம்ஜி லேப் ‘கமாண்டர்’, ‘எஸ்ஜி டைமர்’ போன்ற புதியவை ப்ளூடூத் வழியே நேரத்தை மதிப்பெண் பதியும் பிராக்டிஸ்கோர் செயலிக்கே அனுப்பிவிடும். விலை 100 டாலரை ஒட்டித் தொடங்கி 300 டாலரைத் தாண்டுகிறது.

இவற்றில் எது என்பது கருவியை யார் பிடிக்கப்போகிறார் என்பதைப் பொறுத்தது. தனியாகப் பயிற்சி செய்பவருக்கு மொத்த நேரத்தைவிட, அது எங்கே செலவானது என்பதுதான் முக்கியம். பில் வில்சனின் பெயரால் வழங்கும் ‘பில் டிரில்’ பயிற்சியில் ஏழு கஜத்தில் ஒரே இலக்கில் ஆறு குண்டுகள். மொத்தம் 2.60 வினாடி என்று தெரிந்தால் மட்டும் பயனில்லை. முதல் குண்டுக்கே 1.60 ஆகி, மீதி ஐந்தும் 0.20 இடைவெளியில் போயிருந்தால் பழுது கையிலுள்ள வேகத்தில் இல்லை. உறையிலிருந்து உருவுவதில் இருக்கிறது. ஒவ்வொரு குண்டின் நேரத்தையும் இடைவெளியையும் பின்னோக்கிப் புரட்ட எளிதாக இருக்கிறதா என்று இவர் பார்க்க வேண்டும்.

அதைவிடவும் பயன்படுவது ‘பார் டைம்’. முதல் பீப்புக்குப் பின் குறித்த நேரத்தில் இரண்டாவது பீப் ஒலிக்கும். அதற்குள் வேலை முடிய வேண்டும். தோட்டாவே இல்லாத துப்பாக்கியை வைத்து, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, வீட்டிலேயே செய்யும் வெற்றுப் பயிற்சிக்கு இது ஒன்றே போதும். இதற்கு மட்டும் என்றால் காசு கொடுத்து டைமர் வாங்கவே வேண்டாம். கைபேசிச் செயலி போதும். நிஜ வெடிக்குக் கைபேசி ஏற்றதல்ல. பேச்சுக் குரலுக்காகச் செய்த அதன் மைக், காதருகே வெடிக்கும் துப்பாக்கியின் சத்தத்தில் திணறும்.

போட்டியை நடத்தும் கிளப்பின் தேவை வேறு. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான ஓட்டங்கள், கைமாறும் நடுவர்கள், அவசரம். இங்கே ப்ளூடூத்துக்கு உண்மையான பயன் உண்டு: 14.37ஐ 13.47 என்று எழுதும் பிழை ஒழியும். ஆனால் தவறாகக் கேட்ட நேரத்தை அது அப்படியே, வேகமாக அனுப்பிவைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அதனால்தான் அனுபவமுள்ள ரேஞ்ச் ஆபீசர், நேரத்தை அறிவிக்குமுன் திரையிலுள்ள வெடிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பார். 18 குண்டுகள் சுட்டவருக்கு 19 என்று காட்டினால் ஏதோ அந்நியச் சத்தம் நுழைந்திருக்கிறது. கூடவே ஓடவும் செய்வார், 3.4 மீட்டர் பின்தங்கினாலே நூறில் ஒரு பங்கு வினாடி கூடிவிடும். சுட்டு முடித்ததும் போட்டியாளர் துப்பாக்கி காலி என்று காட்டி விசையை ஒருமுறை வெறுமனே அழுத்துவார். உணர்திறன் அதிகமாக வைத்த டைமரை அருகே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் ‘கிளிக்’கூடக் கடைசிக் குண்டாகப் பதிவாகலாம். கருவி பழுதாகிச் சரியான நேரம் கிடைக்காவிட்டால் ஐபிஎஸ்சி விதிப்படி அந்தச் சுற்றை மறுபடி சுட வேண்டும். முதல் முறை பிரமாதமாகச் சுட்டவருக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

வாங்க நினைப்பவர்கள் இணையப் படங்களை நம்பாமல், கிளப்பில் யாரிடமாவது ஒரு மணி நேரம் இரவல் கேளுங்கள். காதுக்கவசத்தோடு பீப் கேட்கிறதா, பக்கத்துத் தளத்தில் சுடும்போது எண்ணிக்கை தவறாமல் நிற்கிறதா, வெயிலில் எண்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். இந்த மூன்றில் தேறினால் விலை குறைந்த பழைய மாடலே போதும். தேறாவிட்டால் ப்ளூடூத் இருந்தும் பயனில்லை.