விமானப் பணிக்கு நேர்முகத் தேர்வு

விமானப் பணிப்பெண் வேலைக்கு அழகும் நிறமும் இருந்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. பயணிகளின் உயிரைக் காப்பதே அவர்களின் முதற்கடமை. ஆபத்து நேரும்போது பாதிக் கதவுகளே பயன்பட்டாலும், 90 விநாடிக்குள் அனைவரும் வெளியேறிவிட வேண்டும் என்பது பெரிய விமானங்களுக்குரிய விதி. அப்போது உரத்த குரலில் வழிகாட்டுபவர் பணியாளரே. தேர்வில் கையை உயர்த்தி எட்டச் சொல்வதும், மேலே உள்ள பாதுகாப்புக் கருவிகளை எடுக்க முடியுமா என்று பார்க்கத்தான்.

நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்? "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதற்கேள்வியில்தான். எங்களிடம் படித்த மாணவி ஒருத்தி, எஸ்.பி.எம். தேர்வில் நன்கு தேறியவள், அந்தக் கேள்விக்குத் தலைகுனிந்து நின்றுவிட்டுத் திரும்பினாள். குற்றம் அவளுடையதன்று. பெரியவர்கள் முன் வாய் திறவாதே என்று லயத்திலும் பள்ளியிலும் பழக்கியவர்கள் நாம்தாம்.

ஆகவே, பெற்றோர்களே, இரவில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மலாய், ஆங்கில நாளிதழ்களைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். பிறகு நீங்கள் கோபக்காரப் பயணியாக நடியுங்கள். பிள்ளை பொறுமையாகப் பதில் சொல்லட்டும். முகம் பார்த்துப் பேசுவது மரியாதைக் குறைவன்று. அதை முதலில் நாம் ஏற்போம்.