அடைக்கோழியைத் தண்ணீரில் முக்காதீர்கள்

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்தவர்கள் கையில் அகப்பட்டதோடு புறப்பட்டார்கள். கோழிகள் வளவிலேயே நின்றுவிட்டன. மீளக் குடியேறி மறுபடி தொடங்குபவர்கள் பெட்டிக் குஞ்சுகளையே கேட்கிறார்கள். முதலில் ஓர் ஊர்க்கோழியைத் தேடுங்கள் என்பதே நமது பதில்.

முட்டைக்கென வளர்த்தெடுத்த இனங்களில் அடைகிடக்கும் குணம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. ஊர்க்கோழியில் அது இன்னும் உண்டு. கூட்டை விட்டு எழும்பாமல், கிட்டப் போனால் சிலிர்த்துக் கொத்தினால் அடை வந்துவிட்டது. அடை கலைக்கவென்று தண்ணீரில் முக்குவார்கள் சிலர். மின்சாரமில்லாத கொட்டிலில் கிடைத்த பொரிப்பியை அல்லவா அவர்கள் அணைக்கிறார்கள்!

கடகத்தில் மணலும் வைக்கோலும் இட்டு, ஒரு வாரத்துக்கு மேற்படாத பத்து, பன்னிரண்டு முட்டைகளை இரவில் வையுங்கள். கோழி நாளுக்கொருமுறை இறங்கித் தின்னட்டும். ஏழாம் நாள் ரோச் வெளிச்சத்தில் பாருங்கள். நரம்போடாத முட்டையை எடுத்துவிடுங்கள். 21ஆம் நாளளவில் பொரிக்கும்.

பெட்டிக் குஞ்சு கிடைத்தவர்களுக்கும் இதே தாய் உதவும். நாம் ஒருமுறை பட்டப்பகலில் விட்டு, கொத்து வாங்கிய குஞ்சுகளைப் பொறுக்கினோம். இரண்டு வாரமாவது அடைகிடந்த கோழியின் செட்டைக்கடியில், இரவிலே, முட்டைகளை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு நாட் குஞ்சுகளை வையுங்கள். விடியும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கொத்தினால் உடனே பிரியுங்கள்.

தண்ணீர்தான் நமது தீவுகளில் பெரும்பாடு. கிணறுகள் பலவும் உவர். குஞ்சுக்கு அது ஆகாது. வீட்டார் குடிக்கும் தண்ணீரில் ஒரு சிரட்டை அதற்கும் ஒதுக்குங்கள். பருந்துக்கும் கீரிக்கும் பயந்து, முதற் கிழமைகளில் தாயையும் குஞ்சுகளையும் கரப்பில் மூடி வையுங்கள்.