ஹுல்ஹுலே ஓடுபாதையும் மாலைதீவின் இறைமையும்

மாலைதீவுக்கு விமானத்தில் செல்வோரில் பெரும்பாலானோர் முதலில் கால் பதிப்பது தலைநகர் மாலேயில் அன்று. அதற்கு எதிரே கடலில் கிடக்கும் ஹுல்ஹுலே என்னும் சிறு தீவிலாகும். 2018இல் பாலம் திறக்கப்படும் வரை அங்கிருந்து மாலேக்குப் படகிலேயே செல்ல வேண்டியிருந்தது. தரைவழி எல்லை எதுவுமற்ற அந்நாட்டில், இந்த ஓடுபாதை யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி ஆட்சிகளையே ஆட்டங்காணச் செய்து வந்துள்ளது.

அதன் தொடக்கமே அரசியல்தான். தெற்கே அட்டு பவளத்தீவின் கான் தீவில் பிரித்தானிய விமானப்படை தளம் அமைத்திருந்த காலத்தில், தலைநகருக்கருகே தமக்கென ஓர் ஓடுபாதை வேண்டும் எனப் பிரதமர் இப்ராஹிம் நாசிர் முனைந்தார். மாலே மக்கள் தொண்டர்களாக உழைக்க, இரும்புத் தகடுகளை விரித்து அது அமைக்கப்பட்டது. 1960 ஒக்டோபர் 19ஆம் திகதி முதன்முதலாக நியூசிலாந்து விமானப்படை விமானம் ஒன்று அங்கு இறங்கியது. முதலாவது வர்த்தக விமானம் எமது எயார் சிலோனுடையது. அது 1962 ஏப்ரல் 10ஆம் திகதி வந்திறங்கியது. மாலைதீவின் சுதந்திர உடன்படிக்கையும் 1965 ஜூலை 26ஆம் திகதி கொழும்பிலேயே கைச்சாத்தானது என்பதை இங்கு நினைவுகூரலாம். சுற்றுலாத்துறை வளர, 1981இல் ஹுல்ஹுலே சர்வதேச விமான நிலையமாயிற்று.

1988 நவம்பர் 3ஆம் திகதி, புளொட் இயக்கத்தைச் சேர்ந்த கூலிப்படையினரைக் கொண்டு ஜனாதிபதி மஃமூன் அப்துல் கையூமின் ஆட்சியைக் கவிழ்க்கும் முயற்சி நடைபெற்றது. எம்மவர் சிலர் பங்குகொண்ட கசப்பான அத்தியாயம் அது. அன்றிரவே இந்தியப் பரசூட் படையினர் ஹுல்ஹுலேயில் இறங்கி, படகுகளில் மாலேக்குச் சென்று ஆட்சியைக் காப்பாற்றினர்.

அதே இந்தியாவின் பெயர் 2010இன் பின்னர் வேறுவிதமாக ஒலித்தது. ஜனாதிபதி மொஹமட் நஷீட்டின் அரசாங்கம், இந்தியாவின் ஜி.எம்.ஆர். நிறுவனமும் மலேசிய விமான நிலைய நிறுவனமும் இணைந்த கூட்டமைப்பிடம் விமான நிலையத்தை 25 ஆண்டுகளுக்கு ஒப்படைத்தது. புறப்படும் பயணிகளிடம் தலா 25 டொலர் அபிவிருத்திக் கட்டணம் அறவிட ஒப்பந்தம் இடமளித்தது. பாராளுமன்றத்தின் அங்கீகாரமின்றி அதனை அறவிட முடியாதென 2011 டிசெம்பரில் மாலே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழந்த தொகையை அரசுக்குச் செலுத்தவேண்டிய பணத்திலிருந்து கம்பனி கழித்துக்கொள்ளத் தொடங்கியது. திறைசேரிக்கு வந்த வருமானம் வற்றியது. நாடு விற்கப்பட்டுவிட்டது என்ற கூக்குரலுக்கு இதைவிட வேறு காரணம் தேவைப்படவில்லை. மார்க்கத்தின் பெயரால் அரசியல் நடத்திய அதாலத் கட்சியும் இதில் முன்னின்றது.

2012 பெப்ரவரியில் நஷீட் பதவியிழந்தார். அடுத்து வந்த மொஹமட் வஹீட்டின் அரசாங்கம் அதே ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லுபடியற்றது என அறிவித்தது. டிசெம்பரில் சிங்கப்பூர் மேன்முறையீட்டு நீதிமன்றமும் விமான நிலையத்தைப் பொறுப்பேற்பதற்கு இருந்த தடையை நீக்கியது. மாலே வெற்றியைக் கொண்டாடியது. ஆயினும் பொறுப்பேற்க அதிகாரம் உண்டு என்பதற்கும் நட்டஈடு செலுத்தத் தேவையில்லை என்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. ஒப்பந்தம் செல்லுபடியானதே என 2014இல் நடுத்தீர்ப்பு மன்றம் கூறியது. 2016இல் ஏறத்தாழ 270 மில்லியன் டொலர் நட்டஈடு செலுத்தப்பட்டது. இதற்கிடையில், ஒப்பந்தம் வழங்கப்பட்டதில் ஊழல் நடந்ததற்கான சான்று இல்லையென மாலைதீவின் ஊழல் தடுப்பு ஆணைக்குழுவே 2013இல் அறிவித்திருந்தது!

கட்டணத்துக்கு எதிரான ஆட்சேபம் நியாயமானதே என்பது எமது கருத்து. ஆனால், பேசித் திருத்தியிருக்கக்கூடிய ஒரு நிபந்தனைக்காக முழு ஒப்பந்தத்தையும் கிழித்தெறிந்ததன் விலையை மேடையில் முழங்கியவர்கள் செலுத்தவில்லை.

நாசிரின் பெயரை நஷீட் 2011இல் விமான நிலையத்துக்குச் சூட்டியிருந்தார். அப்துல்லா யாமீனின் ஆட்சியில், 2017இல், அது நாசிரின் குடும்ப இல்லப் பெயரான 'வெலானா' என மாற்றப்பட்டது. சீன எக்ஸிம் வங்கியின் கடனில் சீனக் கம்பனியொன்று 3400 மீற்றர் நீளமான புதிய ஓடுபாதையை அமைத்தது. 2018 செப்டெம்பரில் அதில் விமானம் இறக்கிக் காட்டப்பட்டது. அதே மாதம் 23ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் யாமீன் தோல்வியடைந்தார்.