அரசுச் சின்னங்களில் தேனீ

தேனீ, பல நாடுகளில் ஆட்சியையும் உழைப்பையும் குறிக்கும் சின்னமாகப் பயன்பட்டு வந்துள்ள ஒரு பூச்சியாகும். தேன்கூடு ஒரு தலைமையின் கீழ் இயங்கும் சிறு நாட்டைப் போலத் தோன்றியதே இதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

எகிப்து

பண்டைய எகிப்தில் கோரை மேல் எகிப்தையும், தேனீ கீழ் எகிப்தையும் குறித்தன. இவ்விரு குறிகளையும் சேர்த்து எழுதப்பட்ட பட்டம் முழு நாட்டையும் ஆளும் மன்னனுக்கு உரியது. முதலாம் வம்சத்தைச் சேர்ந்த டென் என்னும் மன்னனின் காலத்திலேயே இது வழக்கிலிருந்தது. கதிரவக் கடவுளான ராவின் கண்ணீர்த் துளிகளே தேனீக்களாயின என்னும் தொன்மமும் எகிப்தியரிடையே இருந்தது.

அரசனா, அரசியா?

கூட்டின் தலைமைத் தேனீ ஆண் என்றே அரிசுட்டாட்டில் முதலானோர் கருதினர். "தேனீ அரசனுக்குக் கொடுக்கு இல்லை, ஆகவே மன்னர் இரக்கமுடையோராய் இருத்தல் வேண்டும்" என்ற கருத்தில் உரோமானிய மெய்யியலாளர் செனெக்கா பேரரசன் நீரோவுக்கு அறிவுரை எழுதினார். அறிவுரை நல்லது, எடுத்துக்காட்டுத்தான் தவறு. தலைமைத் தேனீ பெண் என்று இங்கிலாந்தின் சார்லசு பட்லர் 1609 இல் நூல் எழுதினார். பின்னர் டச்சு அறிவியலாளர் சுவாமர்டாம் அதனை அறுத்துச் சூலகத்தைக் கண்டு இதனை உறுதிப்படுத்தினார். இராணித் தேனீக்குக் கொடுக்கும் உண்டு. போட்டி இராணிகளைக் கொல்வதற்கே அது பெரிதும் பயன்படுகின்றது.

ஐரோப்பா

திருத்தந்தை எட்டாம் அர்பன் (பதவிக்காலம் 1623-1644) பிறந்த பார்பெரினி குடும்பத்தின் சின்னம் மூன்று தேனீக்கள் ஆகும். பெர்னினி அமைத்த புனித பேதுரு பேராலய வெண்கல விதானத்தில் இவற்றை இன்றும் காணலாம். முன்னர் அக்குடும்பச் சின்னத்தில் இருந்தவை மாட்டு ஈக்களே. செல்வாக்கு உயர, ஈக்கள் தேனீக்களாயின. அர்பனைச் சிறப்பிக்க 1625 இல் வெளியிடப்பட்ட தேனீப் படம், நுண்நோக்கி கொண்டு வரையப்பட்டு அச்சான முதற் படங்களுள் ஒன்றாகும்.

1653 இல், இன்றைய பெல்ஜியத்திலுள்ள தூர்னே நகரில், பிராங்கிய மன்னன் முதலாம் சில்டெரிக்கின் கல்லறை கண்டெடுக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 300 பொற்பூச்சிகள் இருந்தன. அவை தேனீக்கள் அல்ல, சில்வண்டுகள் என்பாரும் உளர். பூர்போன் மன்னர்களின் லில்லி மலரை விடப் பழமையான சின்னத்தை நாடிய நெப்போலியன் தேனீயையே தேர்ந்தான். 1804 இல் அவன் முடிசூடிய மேலங்கியில் பொன்னிழைத் தேனீக்கள் பின்னப்பட்டிருந்தன. சில்டெரிக்கின் பூச்சிகளோ 1831 இல் பாரிசு நூலகத்திலிருந்து களவாடப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை இரண்டே.

தொழிலாளரின் சின்னம்

பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற மான்செசுட்டர் 1842 இல் பெற்ற நகரச் சின்னத்தில், உலக உருண்டையின் மேல் ஏழு தேனீக்கள் உள்ளன. இவை அரசனையோ அரசியையோ அன்றி வேலைக்காரத் தேனீக்களையே குறிப்பன. 2017 மே 22 அன்று அந்நகரின் இசை அரங்கில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் 22 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் மக்கள் பலர் தம் உடலில் தேனீ உருவைப் பச்சை குத்திக்கொண்டு, பாதிக்கப்பட்டோருக்காக நிதி திரட்டினர்.