பாம்புக்கு ஒரு வீடு

(அறிவியல் மன்ற மாணவியர்)

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது பழமொழி. அப்படிப்பட்ட பாம்புக்கு வீட்டிலேயே ஓர் அலமாரி செய்து, அதற்கு மின்சாரத்தால் சூடும் ஏற்றிக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நாம் சிரிக்கத்தானே செய்வோம்? எங்கள் வகுப்பிலும் முதலில் சிரிப்புத்தான் எழுந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம் அது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் தோழி ஒருத்தி தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். வெளிநாட்டுப் படமொன்றில் பாம்புகளை அடுக்கு அலமாரியில் வளர்ப்பதைக் கண்ட அவர், அதேபோல் ஒன்று செய்யப் பிளைவுட் பலகையும் மின்விளக்கும் வாங்கி வைத்துவிட்டாராம். பாம்பு மட்டும்தான் பாக்கி! வகுப்பே சிரித்தது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிதம்பரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். கடந்த தை மாத அறுவடையின்போது அவளுடைய அப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. முதலில் மந்திரிப்பவரிடம் கொண்டுபோனதில் ஒரு மணி நேரம் வீணாயிற்று. பின்னர் சிதம்பரத்தில் மருத்துவமனையில் சேர்த்து, விஷமுறிவு மருந்து ஏற்றி, பல நாள் போராட்டத்திற்குப் பிறகே அவர் பிழைத்தார். "எங்கள் வீட்டில் பாம்பு என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை" என்றாள் அவள்.

வகுப்பு அமைதியாயிற்று. அறிவியல் கற்பிக்கும் சிஸ்டர் எங்களைப் பார்த்து, "சிரிப்பதும் பயப்படுவதும் இருக்கட்டும். முதலில் தெரிந்துகொள்ளுங்கள்" என்றார்கள். அவ்வாறு நாங்கள் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

பாம்புக்கு ஏன் சூடு வேண்டும்?

நமது உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மார்கழிக் குளிரானாலும் சித்திரை வெயிலானாலும் நம் உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியசிலேயே நிற்கிறது. நாம் உண்ணும் உணவில் பெரும்பகுதி இதற்கே செலவாகிறது. பாம்புக்கு அந்த ஏற்பாடு இல்லை. சுற்றுப்புறத்திலிருந்தே அது சூட்டைப் பெற வேண்டும். காலையில் நம் பள்ளி மதில்மேல் ஓணான் வெயில் காய்வதையும், உச்சிவேளையில் அதே ஓணான் செடி நிழலில் ஒதுங்குவதையும் பார்த்திருப்பீர்கள். பாம்பும் அப்படித்தான். குளிர்ந்தால் சூடான இடத்திற்கும், சுட்டால் குளிர்ந்த இடத்திற்கும் நகர்ந்து நகர்ந்தே அது தன் உடலைச் சமன் செய்துகொள்கிறது.

சூடு குறைந்தால் பாம்பு மந்தமாகும். விழுங்கிய இரையும் செரிக்காது. சூடு மிகுந்தாலோ, அதன் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது உயிருக்கே ஆபத்து. இதற்கு ஈடாகப் பாம்புக்கு ஒரு சலுகையும் உண்டு. சூடு உண்டாக்கும் செலவு இல்லாததால், ஒருமுறை வயிறார இரையுண்டால் பல நாட்கள் அதற்குப் பசியே எடுப்பதில்லை. படைப்பில்தான் எத்தனை விதமான சிக்கனம்!

சூடேற்றிய அலமாரி

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்ப்போர் பலர் உண்டு. அவர்கள் வளர்ப்பவற்றில் பல, பிறப்பால் வெப்ப நாட்டுப் பாம்புகள். பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அவற்றுள் ஒன்று. பனி பெய்யும் ஊரில் அதற்குச் செயற்கைச் சூடு தராவிட்டால் வாழாது. அதற்காகவே அவர்கள் அலமாரியைச் செய்கிறார்கள்.

அதன் அமைப்பு எளியது. மரச்சட்டத்தில் தட்டுத்தட்டாகப் பலகைகள். ஒவ்வொரு தட்டிலும் இழுப்பறை போல ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மேலேயுள்ள பலகையே பெட்டிக்கு மூடியாகிவிடும். காற்றுக்காகப் பெட்டியின் பக்கங்களில் சிறு துளைகள். பலகையின் பின்பக்கத்தில் மட்டும் மின்சாரத்தால் சூடேறும் நாடா ஒன்றை ஒட்டுவார்கள். முன்பக்கத்தைச் சூடேற்றாமல் விட்டுவிடுவார்கள். பெட்டியின் பின்கோடி 31, 32 டிகிரியும், முன்கோடி 25, 26 டிகிரியும் இருக்குமாறு பார்த்துக்கொள்வார்கள். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடமும் ஒரு நீர்க்கிண்ணமும் வைப்பார்கள்.

இதில் இரகசியம் சூட்டில் இல்லை. சூட்டின் வேறுபாட்டில் இருக்கிறது. பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருந்தால் பாம்பு எங்கே ஒதுங்கும்? எனவே, சூடான மூலை, குளிர்ந்த மூலை ஆகிய இரண்டும் இருப்பதே நல்ல கூடு. நாடா அளவுக்கு மீறிக் காயாதபடி மின்சாரத்தை நிறுத்தியும் விட்டும் காக்கும் தெர்மோஸ்டாட் கருவி கட்டாயம் தேவை. அது இல்லாத அலமாரி பாம்பையும் சுடும், வீட்டையும் எரிக்கும்.

இந்த அலமாரியில் பாம்பு தன் முழு நீளத்திற்கு நீட்டிப் படுக்க இடமில்லை என்று அந்நாடுகளிலேயே விலங்கு நலம் நாடுவோர் குறை கூறுகின்றனர். உயிரோடு இருப்பது வேறு, நலமாக வாழ்வது வேறு அல்லவா?

நாங்கள் செய்து பார்த்தோம்

பாம்பு இல்லாமல் அலமாரியை மட்டும் செய்து பார்க்க சிஸ்டர் அனுமதி தந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் கிடந்த பழைய இழுப்பறை ஒன்றின் ஒரு கோடியில் 40 வாட் மின்விளக்கைப் பொருத்தி, இரு கோடியிலும் வெப்பமானிகளை வைத்தோம். அன்று பிற்பகல் விளக்கைப் போடுமுன்பே பெட்டிக்குள் 36 டிகிரி இருந்தது! விளக்கைப் போட்ட அரைமணியில் ஒரு கோடி 44 டிகிரிக்கும், குளிர்ந்த கோடி என்று நாங்கள் பெயரிட்ட மறுகோடி 38 டிகிரிக்கும் ஏறிவிட்டன. உள்ளே ஓர் உயிர் இருந்திருந்தால் அது வெந்தே போயிருக்கும். குளிர் நாட்டுக்கு ஏற்ற வீடு கடலூர் வெயிலுக்கு ஏற்ற வீடு ஆகாது என்று புரிந்தது.

சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். வெளிநாட்டுப் பாம்புகளிலும், பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பயணிகளின் பெட்டிகளில் திணித்துக் கடத்திவரப்படும் சின்னஞ்சிறு மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் பலமுறை பறிமுதல் செய்துள்ளனர். யாரோ ஒருவரின் ஆசைக்காக அவை அப்படிக் கடல் கடந்து வருகின்றன.

வடநெம்மேலியின் மண்பானைகள்

அப்படியானால் நம் நாட்டில் பாம்புக்கு வீடு செய்வோர் யாருமே இல்லையா? உண்டு. ஆகஸ்டு மாதம் அவர்களைக் காணச் சென்றோம். கடலூரிலிருந்து புதுச்சேரி, மரக்காணம் வழியாகக் கடற்கரைச் சாலையில் சென்று மாமல்லபுரத்தைத் தாண்டினால் வடநெம்மேலி வரும். ராமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை அங்கேதான் இருக்கிறது. அதன் வளாகத்திற்குள் 1978இல் நிறுவப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது.

இருளர்கள் நம் மாவட்டத்திற்கும் புதியவர்கள் அல்லர். சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பிச்சாவரம் பகுதிகளில், உப்பங்கழியில் கையாலேயே இறாலும் நண்டும் பிடித்து வாழும் இருளர் குடும்பங்கள் உள்ளன. செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் பலருக்கோ ஒரு காலத்தில் பாம்புத்தோல் வாணிகமே பிழைப்பு. தோலுக்காகப் பாம்புகள் கணக்கின்றிக் கொல்லப்பட்டன. 1970களில் சட்டம் அந்த வாணிகத்தைத் தடுத்தபோது பாம்புகள் பிழைத்தன. இருளர்களின் அடுப்பு அணைந்தது. பாம்பைக் கொல்லாமல் அதன் நஞ்சை மட்டும் எடுத்து மருந்துக்குக் கொடுப்பது என்ற வழி அப்போது பிறந்ததே. பாம்பும் வாழ்ந்தது, மனிதரும் வாழ்ந்தனர்.

அங்கே பாம்புக்கு வீடு எது தெரியுமா? நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் மண்பானைதான்! அடியில் மணல் போட்ட பானையில் பாம்பை விட்டு, வாயைப் பருத்தித் துணியால் மூடிக் கட்டிவிடுகிறார்கள். துணி வழியே காற்று போகும். பாம்பு வெளியே வராது. உள்ளே இருட்டு, வளையில் இருப்பது போலவே பாம்பு அமைதியாகச் சுருண்டுகொள்கிறது. தடித்த மண்சுவர் வெளிச் சூட்டை எளிதில் உள்ளே விடுவதில்லை. தகரப் பெட்டியைப் போலக் காய்வதுமில்லை.

ஊர் திரும்பியதும் இதையும் சோதித்தோம். வராந்தாவில் 36 டிகிரி இருந்த ஒரு பிற்பகலில், மணல் போட்டு வெளிப்புறம் நீர் தெளித்த பானைக்குள் 30 டிகிரிதான் காட்டியது. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் உடன் எடுத்துச் செல்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். மின்சாரமும் இல்லை, கருவியும் இல்லை. குயவரின் சக்கரமே போதுமாயிற்று.

அந்தப் பானை வீடும் நிரந்தரமானது அன்று. அரசு அனுமதிக்கும் எண்ணிக்கையில் மட்டுமே நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடிக்கிறார்கள். ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்கள் வைத்திருந்து, வாரம் ஒருமுறை கண்ணாடிக் குவளையின் மேல் கட்டிய சவ்வைக் கடிக்க வைத்து நஞ்செடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் கண்ட பாம்பு மறுபடி அகப்பட்டால் உடனே அதை விட்டுவிடலாம் அல்லவா? இந்த அரிய கலையில் தேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்கு 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பானையிலிருந்து படுக்கை வரை

எடுத்த நஞ்சை உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதை மிகச் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்துவர். குதிரையின் இரத்தத்தில் அந்த நஞ்சை எதிர்க்கும் பொருள் உண்டாகும். அதைப் பிரித்துத் தூய்மை செய்தால் விஷமுறிவு மருந்து கிடைக்கும். நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே மருந்தாக அது தயாராகிறது.

நெடுங்காலமாக நம் நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சின் முதன்மையான ஊற்றாக இச்சங்கம் இருந்து வருகிறது என்று அறிந்தபோது, எங்கள் சிதம்பரத்துத் தோழி பானைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பாவுக்கு ஏற்றிய மருந்து இங்கிருந்தும் வந்திருக்கலாம், இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டாள். "வந்திருக்கலாம்" என்றார்கள் சிஸ்டர். கடித்ததும் பாம்பு, காத்ததும் பாம்பு! அன்று திரும்பும் வழியெல்லாம் அவள்தான் அதிகம் பேசினாள்.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள். ஆகவே இதைப் படிக்கும் பெற்றோருக்கும் தோழியருக்கும் எங்கள் வேண்டுகோள் இவை:

கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கைகாலை அசைக்காமல், 108 வண்டியிலோ கிடைத்த வண்டியிலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மந்திரிக்கச் செல்லும் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் நிமிடம்.

இரவில் விளக்கின்றி நடக்காதீர்கள். வயலில் காலணி அணியுங்கள். கட்டுவிரியன் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிப்பது வழக்கம். கட்டிலில், கொசுவலைக்குள் உறங்குவது நல்லது.

2011 தானே புயலின்போதும், 2015, 2024 வெள்ளங்களின்போதும் நம் மாவட்டம் பட்ட பாட்டை அறிவோம். வெள்ளம் வந்தால் வளையை இழந்த பாம்பும் நம்மைப் போலவே மேடான இடம் தேடி வரும். அடிக்காதீர்கள், விலகி நின்று, தீயணைப்பு நிலையத்தாரை அழையுங்கள். நெல்லைத் தின்னும் எலியைத் தின்பது அந்தப் பாம்புதான்.

அலமாரி என்னாயிற்று?

மஞ்சக்குப்பத்து அண்ணனின் பலகை வீணாகவில்லை. தங்கை சொன்னதைக் கேட்ட அவர், அதைக் கொண்டு தம் அம்மாவின் கோழிக்குஞ்சுகளுக்கு மழைக்காலத்தில் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். ஒரு மூலையில் விளக்கு, மறுமூலை சூடில்லாமல். குஞ்சுகள் விளக்கடியில் நெருங்கி மொய்த்தால் குளிர் என்று பொருள். விளக்கைவிட்டு விலகி ஓடினால் சூடு மிகுதி என்று பொருள். எங்கும் பரவி மேய்ந்தால் சரியாக இருக்கிறது. பாம்பு அலமாரியில் கற்ற அதே பாடம்!

தோழியின் அப்பா இந்தச் சம்பாவில் மீண்டும் வயலில் இறங்கிவிட்டார், முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் காலணியுடன். அவர் வயல் வரப்பில் ஒரு சாரைப்பாம்பின் வளை இருக்கிறதாம். அதை மூடாமல் அப்படியே விட்டிருக்கிறார் என்று விடுமுறை முடிந்து வந்து மகள் சொன்னாள். பாம்புக்கு நாம் தரக்கூடிய நல்ல வீடு அதுதான்.