ஓடுகிற பெண்ணுக்கு ஏன் இந்தக் களைப்பு?

2002-ம் வருடம், அக்டோபர் 13. அமெரிக்காவின் சிகாகோ நகரில் மாரத்தான் ஓட்டம். இங்கிலாந்தைச் சேர்ந்த பவுலா ராட்கிளிஃப் 2 மணி 17 நிமிடம் 18 விநாடியில் ஓடி முடித்து உலக சாதனை படைத்தார். அன்றைக்கு அவருக்கு மாதவிலக்கு! கடைசிப் பகுதியில் வயிற்றைப் பிடித்து இழுத்த வலியோடுதான் ஓடியதாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

ஆகவே, 'அந்த மூணு நாள் ஓடவே கூடாது' என்று பெண்ணை உட்கார வைக்க வேண்டியதில்லை. ஆனால், இதே ராட்கிளிஃப்புக்கு ரத்தசோகைத் தொல்லையும் இருந்தது. நாம் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

"போன வருஷம் வரைக்கும் மான் மாதிரி ஓடுவா டாக்டர். இப்ப ரெண்டு ரவுண்டுலயே மூச்சு வாங்குது. பி.டி. மாஸ்டர் சோம்பேறின்னு திட்டறார்..."

வயசுக்கு வந்து ஒன்றிரண்டு வருடமான பெண்ணின் அம்மா இப்படிச் சொன்னால், சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்து போயிருக்கலாம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? ஒரு மாதவிலக்கில் சராசரியாக 30, 40 மில்லி ரத்தம் போகிறது. கூடவே கிட்டத்தட்ட 15 மில்லிகிராம் இரும்பும் போகிறது. (80 மில்லிக்கு மேல் போனால் அது அதிகப்போக்கு. டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.) இதை ஈடுகட்டுவது லேசில்லை. சாப்பாட்டில் இருக்கிற இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தாலே பெரிய விஷயம். சோறு, பருப்பு, கீரை மட்டுமே சாப்பிடுகிற வீடுகளில் அதுவும் சேர்வதில்லை.

தினமும் மைல் கணக்கில் ஓடுகிறவளுக்கு இன்னும் செலவு அதிகம். பாதம் தரையில் ஓங்கி ஓங்கி விழும்போது சிவப்பணுக்கள் உடைகின்றன. வியர்வையிலும் குடலிலும் கொஞ்சம் போகிறது. போதாததற்கு, கல்லீரலில் சுரக்கிற ஹெப்சிடின் என்ற ஹார்மோன் வேறு! இது குடலுக்குக் காவல்காரன் மாதிரி. கடினமாக ஓடி முடித்த 3 முதல் 6 மணி நேரத்தில் இது ஏறி, இரும்பை உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிடும். காலையில் குறைவாகவும் பொழுது ஏற ஏற அதிகமாகவும் இருப்பது இதன் குணம். அதனால் காலையில் ஓடி முடித்த அரைமணி நேரத்துக்குள், காவல்காரன் விழிப்பதற்கு முன், இரும்புச்சத்துள்ள ஆகாரத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

நம் வீடுகளில் அந்த நேரத்தில் என்ன கொடுக்கிறோம்? சுடச்சுட ஃபில்டர் காபி! காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் காபிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபிக்குப் பதில் எலுமிச்சை ஜூஸோ கொய்யாப்பழமோ கொடுத்தால் கீரை, பயறில் உள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் இருக்கவே இருக்கிறது. பேரீச்சம்பழத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அதில் இரும்பு நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

"ஹீமோகுளோபின் 12 இருக்கே, அப்புறம் என்ன?" என்பார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஹீமோகுளோபின் என்பது சமையலறை டப்பாவில் இருக்கிற அரிசி. ஃபெரிட்டின் என்பது மூட்டையில் இருக்கிற அரிசி. மூட்டை காலியான பிறகும் டப்பா கொஞ்ச நாள் நிறைவாகவே தெரியும். ஆனால் தசைகளுக்கும் இரும்பு வேண்டுமே! பெண் அதற்குள் தளர்ந்து போவாள். அதனால் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். 15-க்குக் கீழே என்றால் மூட்டை காலி. ஓடுகிற பெண்களுக்கு 30-க்குக் கீழே போனாலே விளையாட்டு மருத்துவர்கள் உஷாராகிவிடுகிறார்கள். காய்ச்சல் சமயத்திலோ, போட்டிக்கு மறுநாளோ இந்த டெஸ்ட் வேண்டாம். அப்போது அளவு பொய்யாக ஏறிக் காட்டும்.

இது விளையாடுகிற பெண்கள் பிரச்னை மட்டும் இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அந்தக் குறையோடுதான் நம் பெண் மைதானத்தில் இறங்குகிறாள்.

சில பெண்களுக்கு ஓட ஓட மாதவிலக்கே நின்றுவிடும். "நல்லதாப் போச்சு, ரத்தம் மிச்சம்" என்று சந்தோஷப்படாதீர்கள்! ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு அடிக்கிற மணி அது. ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு பலம் இழந்து, சின்ன வயசிலேயே கீறல் விடும். மூன்று மாதம் வரவில்லை என்றால் டாக்டரிடம் போய்விட வேண்டும். சமையலறையில் தொங்குகிற தினசரி காலண்டரிலேயே தேதியைக் குறித்து வைக்கலாமே.

இரும்பு மாத்திரையை டெஸ்ட் எடுக்காமல் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இரும்பு மிஞ்சினாலும் ஆபத்துதான். தினமும் போட்டால் ஹெப்சிடின் ஏறிவிடுகிறது என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். டப்பா நிறைந்ததுமே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்... மூட்டை நிறைய இன்னும் சில மாதம் பிடிக்கும்.